ஐஸுக்கு மேலே கூடைப்பந்து: ஸ்கொஷியாபாங்க் அரீனா ஒரே இரவில் மாறுவது எப்படி?

மார்க்கம் ரசிகர் · 2024 நவம்பர் 17

ரொறன்ரோவின் ஸ்கொஷியாபாங்க் அரீனாவில் சனி இரவு மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஐஸ் ஹொக்கி. ஞாயிறு பின்னேரம் அதே இடத்தில் ராப்ரர்ஸ் அணியின் கூடைப்பந்து. நடுவில் இருப்பது ஒரே ஒரு இரவு. அதற்குள் அத்தனை ஐஸையும் உருக்கி வடியவிட்டு, தரையைக் காயவைத்து, மரத்தளம் போடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். ஐஸ் கீழே கிடந்தால் மேலே உள்ள மரம் ஈரம் குடித்து ஊதிவிடாதா? அடுத்த ஹொக்கிக்குத் திரும்பவும் தண்ணீர் விட்டு உறைய வைப்பார்களா? உள்வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தளப்பலகை · நவம்பர் 17

ஐஸை எடுப்பதில்லை. இலையுதிர் காலத்தில் போட்ட ஐஸ், ஹொக்கிப் பருவம் முடியும்வரை அங்கேயே கிடக்கும். கூடைப்பந்து, இசை நிகழ்ச்சி எல்லாம் அதற்கு மேலேதான்.

வேலை நடக்கும் ஒழுங்கு இதுதான். ஆட்டம் முடிந்ததும் கோல் கம்பங்களைக் கழற்றி, ஐஸைச் சீவி மெருகூட்டும் வண்டியான சம்போனி ஓடி, சறுக்குக் கத்தி கிளப்பிய தூளை வாரிவிடும். பிறகு ஐஸை இறுக விடவேண்டும். ஈரம் காயாத ஐஸில் பலகை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது மேல்தோல் பெயர்ந்து வரும். அவசரத்தில் இந்த இடைவெளியைச் சுருக்கினால் மறுநாள் அதைத் திருத்த மூன்று மடங்கு நேரம் போகும்.

அடுத்தது காப்புப் பலகை. ஒவ்வொன்றும் 4 × 8 அடி, குளிரைக் கடத்தாத பொருள். என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கிச் சங்கம்) தளம் 200 × 85 அடி, நான்கு மூலையும் 28 அடி ஆரத்தில் வளைந்தது. முழுவதையும் மூட 510 பலகைக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். மூலைகளுக்கென்று வளைத்து வெட்டிய துண்டுகள் தனியாக உண்டு. ஒரு முனையில் தொடங்கி முன்னேறுவோம். பாரந்தூக்கி வண்டி ஏற்கெனவே போட்ட பலகைமேல்தான் ஓடும், வெறும் ஐஸில் இறங்காது.

அதே நேரத்தில் இன்னொரு குழு கண்ணாடியையும் சுற்றுவேலிப் பலகைகளையும் கழற்றும். வேலி ஏறக்குறைய 42 அங்குல உயரம். கண்ணாடி முனைகளில் கூடுதல் உயரம், பக்கங்களில் குறைவு. கழற்றிய ஒவ்வொரு கண்ணாடிக்கும் எண் உண்டு, அதே எண் உள்ள தாங்கியில்தான் போகவேண்டும். ஒன்று இடம் மாறினால் திரும்பப் பூட்டும்போது வரிசை முழுக்க இடிக்கும். வேலி போனபிறகு முனைகளில் உள்ள மடக்கு இருக்கைப் படிகளை ஐஸை மூடிய பலகைக்குமேல் இழுத்து விடுவோம்.

கடைசியாக மேப்பிள் மரத்தளம். ஆடுதளம் 94 × 50 அடிதான், ஆனால் ஆட்டக்காரர் எல்லை தாண்டி விழவும் இருக்கவும் இடம் வேண்டும் என்பதால் ஏறக்குறைய 120 × 60 அடிக்குப் போடுவோம். அதற்கு 4 × 8 அடித் துண்டு 225. ஒன்றின் எடை 80 கிலோவுக்கு மேலே. நடுக்கோட்டில் தொடங்கி இரு பக்கமும் விரியும். முதல் வரிசை ஒரு மயிரிழை கோணலானால் கடைசி வரிசையில் அது விரல் நுழையும் இடைவெளியாகிவிடும்.

30, 40 பேர் இருந்தால் 3 முதல் 5 மணி நேரம்.

குளிரறை · நவம்பர் 18

மேலே எழுதியது சரி. மரம் ஊதுமா என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை, அதைச் சொல்கிறேன்.

ஐஸின் ஈரம் மேலே ஏறி மரத்துக்கு வராது. ஆபத்து காற்றிலிருந்து வருவது. ஹொக்கிக்கு அரங்கக் காற்றை 16 பாகை செல்சியஸ், 40 வீத ஈரப்பதன் அளவில் வைத்தால் அதன் பனிபடுநிலை ஏறக்குறைய 2 பாகை. அதாவது 2 பாகைக்குக் கீழே குளிர்ந்த பொருளில்தான் தண்ணீர் பூக்கும். கூடைப்பந்துக்கு 21 பாகை, 50 வீதம் என்று விட்டால் பனிபடுநிலை 10 பாகைக்கு ஏறிவிடும். இப்போது காப்புப் பலகையின் இடுக்கு, மரத்தளத்தின் ஓரம், கதவருகே உள்ள துண்டு என்று எங்காவது 10 பாகைக்குக் கீழே இருந்தால் அங்கே வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத படலம் போதும், 100 கிலோ ஆள் ஓடிவந்து திரும்பும்போது முழங்கால் போய்விடும்.

2016 நவம்பர் 30 அன்று பிலடெல்பியாவில் இதுதான் நடந்தது. கீழே ஹொக்கி ஐஸ், மேலே கூடைப்பந்துத் தளம், வெளியே அந்தக் காலத்துக்குப் பொருந்தாத சூடும் ஈரமும். தளம் வழுக்கியதால் சாக்ரமென்ரோவுடனான ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். துடைப்பத்தால் துடைத்துத் தீராது, துடைத்த இடத்தில் காற்று அடுத்த நிமிடமே திரும்பவும் தண்ணீரை வைக்கும். ஒரே வழி காற்றை உலர்த்துவது. அதற்குத்தான் ஈரமகற்றிகள். வெளியே ஈரமான நாளில் கதவு திறக்கும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே அவற்றை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும், ஏனென்றால் 19,000 பேர் உள்ளே வந்து மூச்சுவிடத் தொடங்கியபிறகு இயந்திரத்தால் பின்தொடர முடியாது.

மார்க்கம் ரசிகர் · நவம்பர் 18

இது புதுச் செய்தி. ஒரு துணைக்கேள்வி: இந்த அரங்கத்துக்கு ஒன்ராறியோ ஏரியின் ஆழத்துத் தண்ணீரில் குளிரூட்டல் என்று கேள்விப்பட்டேன். ஐஸும் அந்தத் தண்ணீரில்தான் உறைகிறதா?

குளிரறை · நவம்பர் 18

இல்லை. ஏரியின் 83 மீற்றர் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் 4 பாகை. 2004இல் தொடங்கிய திட்டம் அது, நகரின் நடுப்பகுதிக் கட்டடங்கள் பலவும் அதில் இணைந்தவை, அரங்கமும் ஒன்று. 4 பாகைத் தண்ணீரால் மண்டபக் காற்றைக் குளிர்விக்கலாம். 0 பாகைக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. ஐஸுக்குத் தனிக் குளிரூட்டி இயந்திரம் வேண்டும்.

பொதுவாக என்எச்எல் அரங்குகளில் கொங்கிறீற் தரைக்குள் மைல் கணக்கில் குழாய் ஓடும். அதனுள்ளே உறையாத கரைசல், −9 பாகை சுற்றில். தரை குளிர்ந்து அதன்மேல் தண்ணீர் உறைகிறது.

தளப்பலகை · நவம்பர் 19

ஐஸ் போடும் வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாளியில் ஊற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் படைகளைப் பனிப்புகார் போல விசிறியே போடுவோம், தாளின் கனம்தான். கொட்டினால் சூடு கொங்கிறீற்றை எட்டிக் குமிழ் விழும், தரையை ஐஸ் பற்றிக்கொள்ளாது. இரண்டு மூன்று படை இறுகியதும் வெள்ளை நிறம். நிறம் போடாவிட்டால் ஐஸின் கீழே சாம்பல் நிறக் கொங்கிறீற் தெரியும், ஹொக்கியில் அடிக்கும் கறுப்பு வட்டான பக் கண்ணில் படாது. அதன்மேல் மூடு படை, பிறகு சிவப்பு, நீலக் கோடுகள், சின்னங்கள். அவற்றுக்கும் மூடு படை. அதன்பிறகுதான் கனமேற்றும் நீர்ப்பாய்ச்சல்.

முடிவில் கனம் 1 முதல் 1¼ அங்குலம். 1 அங்குலத்துக்கு 35,000 லீற்றர், 1¼ அங்குலத்துக்கு 44,000 லீற்றர் அளவில் தண்ணீர் போகும்.

இவ்வளவையும் ஒவ்வொரு கூடைப்பந்துக்கும் உருக்கித் திரும்பப் போடுவது என்றால் நாட்கணக்கில் ஆகும். நவம்பர் 17ஆம் திகதிக் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்.

கார்ல்ரன் வீதி · நவம்பர் 21

தொழில்நுட்பம் எழுதுகிறவர்கள் தொடருங்கள். கட்டடத்தின் வரலாற்றையும் வைத்தால்தான் இந்தச் சிக்கல் ஏன் வந்தது என்று விளங்கும்.

இது ஹொக்கிக்காகத் தொடங்கிய கட்டடம் அல்ல. 1997இல் ராப்ரர்ஸ் தங்களுக்கென்று கூடைப்பந்து அரங்காகத் தொடங்கியது. இடம் பே வீதி 40ஆம் இலக்கம், பழைய தபால் விநியோகக் கட்டடம். 1998 பெப்ரவரியில் லீஃப்ஸின் உரிமையாளரான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் நிறுவனம் ராப்ரர்ஸையும், பாதி கட்டிய கட்டடத்தையும் சேர்த்து வாங்கியது. ஹொக்கிக்கு ஏற்றபடி வரைபடத்தைப் பெரிதாகத் திருத்தினார்கள். மொத்தச் செலவு 265 மில்லியன் டொலர். தபால் கட்டடத்தின் கிழக்கு, தெற்கு முகப்புகளை இடிக்காமல் விட்டார்கள். பே வீதியால் நடந்துபோனால் சுவரில் போக்குவரத்தும் தகவல் தொடர்பும் வளர்ந்த கதை புடைப்புச் சிற்பங்களாக இருப்பதை இன்றும் பார்க்கலாம். பெரும்பாலானோர் தலைநிமிராமல் யூனியன் ஸ்ரேசனுக்கு ஓடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

1999 பெப்ரவரி 13இல் லீஃப்ஸின் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் கடைசி ஆட்டம். பெப்ரவரி 20இல் புதிய அரங்கில் மொன்றியாலுடன் லீஃப்ஸின் முதல் ஆட்டம், மேலதிக நேரத்தில் 3–2 வெற்றி. மறுநாளே வன்கூவருடன் ராப்ரர்ஸ். ஆக, நீங்கள் கேட்ட அந்த ஒரு இரவு மாற்றம் திறந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது பெயர் எயார் கனடா சென்ரர். 2018 ஜூலை 1 முதல் ஸ்கொஷியாபாங்க் அரீனா.

மேல்கம்பி · நவம்பர் 21

திருத்திய வரைபடம் என்பது பார்வைக்கோணத்தில் தெரியும். ஹொக்கித் தளம் 200 அடி நீளம், கூடைப்பந்து 94 அடி. ஹொக்கிக்கென்று வைத்த முனை இருக்கையிலிருந்து கூடைப்பந்தைப் பார்த்தால் 50 அடிக்கு மேல் வெற்றிடம். அதனால்தான் மடக்குப் படிகள். அவற்றைக் கூடைப்பந்துக்கு வெளியே இழுத்தால் அந்த இடம் நிரம்பும். இருக்கைக் கணக்கும் அதனால் மாறும்: ஹொக்கிக்கு ஏறக்குறைய 18,800, கூடைப்பந்துக்கு 19,800.

ரிக்கெற் வாங்குகிறவர்களுக்கு: கூடைப்பந்தில் முனைகளில் தாழ்வான வரிசைகள் மடக்குப் படியில் இருப்பவை, நடக்கும்போது லேசாக அதிரும், சரிவும் குறைவு, முன்னால் உயரமானவர் இருந்தால் மறைக்கும். அதே காசுக்கு மூலைப் பக்கத்து நிலையான படிகள் மேலானவை.

தளப்பலகை · நவம்பர் 22

அதிரும் என்பது பூட்டுச் சரியாக விழாதபோதுதான். ஒவ்வொரு படிக்கும் பூட்டு ஊசி விழுந்ததைக் கையால் தொட்டுப் பார்த்து ஒப்பமிட வேண்டும். சரிவு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கார்ல்ரன் வீதி · நவம்பர் 24

ஐஸுக்குமேல் கூடைப்பந்து இந்த நகரத்துக்குப் புதிதும் அல்ல. 1946 நவம்பர் 1இல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் ரொறன்ரோ ஹஸ்கீஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸும் ஆடின. என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் தன் முதல் ஆட்டமாகக் கணக்கெடுப்பது அதைத்தான். நிக்ஸ் 68–66. வந்தவர்கள் 7,090 பேர். ஹஸ்கீஸில் 6 அடி 8 அங்குல ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார், அவரைவிட உயரமானவருக்கு இலவச அனுமதி என்று விளம்பரம் செய்தார்கள். ஹொக்கி நகரத்தில் கூட்டம் சேர்க்க அவ்வளவு பாடு.

கார்டன்ஸ் 1931இல் ஐந்தரை மாதத்துக்குள் எழுந்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலம். பணம் போதாததால் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பங்கை நிறுவனப் பங்குகளாக வாங்கிக்கொண்டார்கள். நவம்பர் 12இல் திறப்பு, எதிரணி சிக்காகோ. 1999இல் கடைசி ஆட்டத்துக்கும் அதே சிக்காகோதான், இரண்டிலும் லீஃப்ஸுக்குத் தோல்வி. இடையில் எல்விஸ் 1957இல், பீற்றில்ஸ் 1964, 65, 66 மூன்று வருடமும். 1966 மார்ச் 29இல் முகமது அலியும் ரொறன்ரோவின் ஜோர்ஜ் சுவாலோவும் 15 சுற்று. வியற்நாம் போர் பற்றி அலி சொன்னதற்காக அமெரிக்க நகரங்கள் இடம் தர மறுத்த சண்டை அது. இந்த நகரம் கொடுத்தது. அந்த ஒரு முடிவுக்காகவே கார்டன்ஸை மதிக்கலாம்.

மார்க்கம் ரசிகர் · நவம்பர் 24

கார்டன்ஸில் இப்போது பலசரக்குக் கடைதானே?

கார்ல்ரன் வீதி · நவம்பர் 24

கீழே லொப்லோஸ், 2011 நவம்பரில் திறந்தது. 25ஆம் வரிசையில் தரையில் சிவப்புப் புள்ளி ஒன்று, அதுதான் பழைய தளத்தின் நடுப்புள்ளி. மேலே பல்கலைக்கழக விளையாட்டரங்கு, அங்கே இன்றும் ஐஸ் உண்டு, பழைய கூரை அப்படியே தெரியும். இடித்துக் கொட்டியிருக்கலாம், செய்யவில்லை. மொன்றியாலின் பழைய ஹொக்கி அரங்கான போரமும் உள்ளுக்குள் முற்றாக மாறிப்போன நிலையில் இது பெரிய காரியம்.

குளிரறை · நவம்பர் 29

ஐஸின் தரம் பற்றிச் சொல்ல நினைத்தது. பகிர்ந்துகொள்ளும் அரங்குகளில் ஐஸ் மென்மையாக இருக்கும் என்று ஹொக்கி ஆட்டக்காரர் குறை சொல்வது வழக்கம். காரணம் மூன்று.

முதலாவது, கனம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு புண் ஆற்றத் தண்ணீர் போடுகிறோம், கனம் ஏறுகிறது. ஐஸே ஒரு காப்பு. கனம் ஏறினால் கீழேயுள்ள குளிர் மேற்பரப்புக்கு எட்டாது, மேலே மென்மையாகும். சிலர் உடனே கரைசலைக் கூடுதலாகக் குளிர்விப்பார்கள். அது மின்செலவு, தீர்வல்ல. துளையிட்டுக் கனம் அளந்து, உயர்ந்த இடத்தைச் சீவுவதுதான் தீர்வு. வேலியோரம் எப்போதும் உயரும், ஏனென்றால் சம்போனியின் கத்தி வேலிவரை எட்டாது. அதற்கு ஓரச்சீவி என்று தனிக் கைவண்டி.

இரண்டாவது, காப்புப் பலகையின் பொருத்துக்கோடுகள். இடுக்கு வழியே சூடான காற்று இறங்கி, பலகையைத் தூக்கும்போது ஐஸில் 4 × 8 அடிக் கட்டங்கள் அப்படியே பதிந்திருக்கும். இசை நிகழ்ச்சி என்றால் சிந்திய பானமும் அதே கோட்டில் இறங்கிக் கறையாகும்.

மூன்றாவது, நேரம். நல்ல ஐஸுக்கு வேண்டியது தண்ணீரைவிட ஓய்வுதான்.

தளப்பலகை · நவம்பர் 30

கட்டங்கள் பதிவதை ஏற்கிறேன், ஆனால் அது பலகையின் வயதைப் பொறுத்தது. ஓர நாக்குத் தேய்ந்த பலகைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் போடாமல் இருந்தாலே பாதி குறையும். தேய்ந்தவற்றை மேடைக்குக் கீழே போடுங்கள், அங்கே ஆள் நடமாட்டமில்லை, பானமும் சிந்தாது.

சம்போனி சுடுதண்ணீர் போடுவது ஏன் என்று யாராவது கேட்பீர்கள். 60 பாகை சுற்றில் விடுவோம். மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கிப் பழைய ஐஸோடு ஒன்றாக உறையும், கத்திக்கீறல் நிரம்பும். பச்சைத்தண்ணீர் மேலே தனித்தோலாக உறைந்து செதில் செதிலாகக் கழரும்.

குளிரறை · நவம்பர் 30

அதோடு சுடுதண்ணீரில் கரைந்துள்ள காற்று குறைவு. காற்றுக் குமிழ் இல்லாத ஐஸ் கடினமானது, தெளிவானது.

இன்னொன்று, ஒரே ஐஸ் எல்லாருக்கும் ஆகாது. ஹொக்கிக்கு மேற்பரப்பு −5 பாகை அளவில் வேண்டும், கடினமாக, வேகமாக. கலைச்சறுக்குக்கு −3 சுற்று, கனமும் கூட வேண்டும். பாய்ந்து இறங்கும் காலைத் தாங்க ஐஸ் கொஞ்சம் இடங்கொடுக்க வேண்டும். ஹொக்கி ஐஸில் அவர்கள் இறங்கினால் சில்லுச் சில்லாக வெடிக்கும். மேற்பரப்பு 2 பாகை மாறவே பல மணி நேரம் ஆகும், அதனால் நாட்காட்டி போடுகிறவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வைத்தால் இரண்டுமே கெடும்.

மேல்கம்பி · டிசம்பர் 6

எல்லாரும் தரையைப் பார்க்கிறீர்கள். இசை நிகழ்ச்சியில் உயிர் தொங்குவது கூரையில்.

பயணக் குழுவின் தொங்கல் வரைபடம் வாரங்களுக்கு முன்பே வரவேண்டும்: எத்தனை புள்ளி, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ. காலையில் முதல் வேலை தரையில் அளந்து சுண்ணாம்பால் குறிப்பது. மேலே உத்திரத்தில் இருப்பவர் கயிறு விடுவார், கீழே இருப்பவர் உருக்குக்கம்பியையும் சங்கிலியையும் கட்டுவார், மேலே இருப்பவர் அதை இழுத்து உத்திரத்தில் சுற்றுவார். பிறகு ஒரு தொன் மோட்டார்கள் சங்கிலியில் தாங்களே ஏறும்.

வேண்டிய புள்ளிக்கு நேர்மேலே உத்திரம் இருப்பது அரிது. அதனால் இரண்டு உத்திரத்திலிருந்து இரு காலாகக் கட்டி நடுவில் சேர்ப்போம். இங்கேதான் கணக்குத் தவறும். 1 தொன் பாரம், இரு காலுக்கும் இடையே 60 பாகைக் கோணம் என்றால் ஒவ்வொரு காலிலும் 0.58 தொன். 90 பாகை என்றால் 0.71. 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு காலும் முழு 1 தொன்னைத் தாங்குகிறது. இரண்டு கால் இருப்பதால் பாதி பாதி என்று நினைப்பவரை மேலே ஏறவிடக் கூடாது. 90க்கு மேலே விரிக்காதீர்கள். உத்திரத்தின்மீது பக்கவாட்டு இழுவையும் கோணத்தோடு ஏறும், அதைக் கூரைப் பொறியியலாளர் தனியாகப் பார்ப்பார்.

கனடாவுக்கே உரிய சிக்கல், பனி. கூரையின்மேல் பனி கிடக்கும் வாரத்தில் உள்ளே தொங்கவிடக் கிடைக்கும் பாரம் குறையும். கோடையில் தொங்கியது என்பதால் ஜனவரியிலும் தொங்கும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில் தொங்கும் புள்ளிப்பலகையும் கூரையின் பாரக் கணக்கில் எப்போதும் இருக்கிறது.

மார்க்கம் ரசிகர் · டிசம்பர் 7

விளையாட்டும் இசையும் தவிர வேறு என்ன நடந்தது அங்கே?

கார்ல்ரன் வீதி · டிசம்பர் 8

லக்றோஸ் (வலைக்கோலால் ஆடும் பந்தாட்டம்): ரொறன்ரோ றொக் அணி 2001 முதல் இருபது பருவமளவு இங்கே ஆடி, பிறகு ஹமில்ரனுக்குப் போனது. அதற்கு ஹொக்கி வேலி அப்படியே நிற்கும், காப்புப் பலகைமேல் செயற்கைப் புல் விரிப்பு.

2020 வசந்தத்தில் கோவிட்டால் ஆட்டங்கள் நின்றபோது தளத்தைப் பெரிய சமையலறையாக்கினார்கள், மருத்துவப் பணியாளருக்கும் தங்குமிடங்களுக்கும் ஒரு நாளைக்கு 10,000 சாப்பாடுவரை போனது. 2021 ஜூன் 27இல் தடுப்பூசி முகாம், ஒரே நாளில் 26,771 ஊசி. அந்த எண்ணிக்கை வட அமெரிக்கச் சாதனை. இந்தக் கட்டடத்தில் நடந்த எந்தக் கிண்ணத்தையும்விட அந்த நாளை நான் மேலே வைப்பேன். வாசல்கள், வரிசைக்கட்டுகள், யூனியன் ஸ்ரேசனோடு உள்வழித் தொடர்பு, அகலமான நடைகள், கழிப்பறைகள் எல்லாம் 19,000 பேரை ஓரிரு மணி நேரத்தில் உள்வாங்கக் கட்டியவை. ஊசிக்கும் அதுவேதான் வேண்டும்.

2024 பெப்ரவரி 16இல் பெண்கள் தொழில்முறை ஹொக்கி, ரொறன்ரோவும் மொன்றியாலும், 19,285 பேர்.

தளப்பலகை · டிசம்பர் 8

2020 ஓகஸ்டைச் சேருங்கள். பார்வையாளர் இல்லாமல் என்எச்எல் கிழக்குப் பிரிவு முழுவதும் இங்கே. ஒரே ஐஸில் நாளைக்கு மூன்று ஆட்டம்வரை, அதுவும் கோடைச் சூட்டில். ஓகஸ்ட் 11இல் ராம்பாவும் கொலம்பஸும் ஐந்தாவது மேலதிக நேரம்வரை போனார்கள். அடுத்து நடக்கவேண்டிய பொஸ்ரன், கரோலைனா ஆட்டத்தை மறுநாள் காலை 11 மணிக்குத் தள்ளினார்கள். அரங்கப் பொறுப்பாளர் எல்லாரும் பாடமாகப் படிக்கவேண்டிய நாள். நாட்காட்டியில் இரண்டு நிகழ்ச்சிக்கு இடையில் மாற்றும் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. முதலாவது இழுபட்டால் எதை விடுவோம் என்பதையும் முன்பே எழுதி வைக்கவேண்டும்.

மேல்கம்பி · டிசம்பர் 14

2019 மே 12, பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம். ராப்ரர்ஸ் ஆட்டக்காரர் லெனார்டின் கடைசி எறி வளையத்தில் நான்கு முறை துள்ளி விழுந்தது. வளையத்தின் இறுக்கம் பற்றி எழுத அதுதான் சரியான இடம். வளையம் 10 அடி உயரமா என்று மட்டும் பார்ப்பது அரைவேலை. இரண்டு பக்க வளையமும் ஒரே அளவு அதிர்ச்சியை உள்வாங்குகின்றனவா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு என்றால் ஒரே எறி ஒரு முனையில் விழும், மறுமுனையில் வெளியே தெறிக்கும்.

தளப்பலகை · டிசம்பர் 14

தளத்திலும் அப்படியே. பந்து ஒரு இடத்தில் துள்ளாமல் செத்து விழுந்தால் துண்டைப் பிரித்துக் கீழே பாருங்கள். பெரும்பாலும் அடியிலுள்ள ரப்பர் மெத்தை ஒன்று கழன்றிருக்கும், அல்லது காப்புப் பலகை இரண்டு உயரம் மாறி நிற்கும். குளிர்காலத்தில் அரங்கு உலர்ந்திருப்பதால் மரம் சுருங்கித் துண்டுகளுக்கு இடையே கோடு தெரியும். அந்தக் கோட்டை மூட ஆணி அடித்து நெருக்கக் கூடாது, கோடையில் ஊதும்போது முதுகு தூக்கும்.

மார்க்கம் ரசிகர் · 2025 ஜனவரி 5

கடைசிக் கேள்வி. பருவம் முடிந்தபின் ஐஸை எப்படி எடுக்கிறார்கள்? தானாக உருக விடுவார்களா?

குளிரறை · ஜனவரி 5

தானாக விட்டால் பல நாள் சேறு. குழாய்க் கரைசலை மெதுவாகச் சூடாக்கி 0 பாகைக்கு மேலே கொண்டுவருவோம். அடியில் மெல்லிய படலம் உருகியதும் ஐஸ் தரையை விட்டுவிடும். மேலே இன்னும் கட்டியாக இருக்கும்போதே அகப்பை வண்டியால் உடைத்துத் தள்ளி, உருக்குகுழியில் போடுவோம். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாதக்கணக்கில் −9 பாகையில் கிடந்த கொங்கிறீற்றை ஒரேயடியாகச் சூடாக்கினால் வெடிப்பு விடும், வெடிப்புக்குள் இருப்பது குழாய். ஒரு குழாய் ஒழுகினால் அந்த வரிசையை அடைத்துவிட்டு ஓடலாம், ஆனால் அதற்கு நேர்மேலே அடுத்த பருவம் முழுக்க ஐஸில் மென்மையான கோடு ஒன்று கிடக்கும்.

தளப்பலகை · ஜனவரி 6

வண்டிச் சில்லில் சங்கிலி போடாதீர்கள், கொங்கிறீற்றைச் சுரண்டும். அகப்பையின் விளிம்பில் ரப்பர் பட்டி பூட்டுங்கள். நிறம் கலந்த உருகுநீரை மழைநீர் வடிகாலில் விடக்கூடாது, கழிவுநீர்க் குழாயில்தான். தரை காய்ந்ததும் முதல் வேலை, வேலித் தூண்கள் நிற்கும் துளைகளைத் திறந்து பார்ப்பது. பருவம் முழுக்க இறங்கிய தண்ணீர் அங்கே நின்றிருக்கும், துருவும் தொடங்கியிருக்கும்.